பாலைவனத்துக்கு எட்டுக் கிலோ

போன தீபாவளி லீவில் நான் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போய் வந்தேன். நான்கு பகல், நான்கு இரவு, மணலில், ஒட்டகத்தோடு. இதைச் சொன்னதும் ஒட்டகம் எப்படி இருந்தது, குளிர் எப்படி இருந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மனதில் நிற்பது அங்கே பார்த்த மணல் இல்லை. அதற்காக மூட்டை கட்டிய பத்து நாளும், வீட்டை விட்டுக் கிளம்பிய அந்த ஒரு காலையும்தான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். இருபத்தொரு வருடமாக இதே வேலை. தைத்து, செக்கிங் முடித்து, இஸ்திரி போட்டு வருகிற சட்டையை மடித்து, பாலிபேக்கில் போட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் அடித்து அனுப்ப வேண்டும். நான் மடித்த சட்டை கடல் தாண்டி எங்கெங்கோ போயிருக்கிறது. நான் போன தூரம் பழனி, மருதமலை, திருச்செந்தூர். என் வீட்டுக்காரர் முருகன் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் பஸ் ஏறுவார். முருகன் இல்லாத ஊருக்கு எங்கள் வீட்டில் யாரும் டிக்கெட் எடுத்ததில்லை.

பாலைவனத்தை எனக்குக் காட்டியது செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் என் தோழி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, என்னைவிட நான்கு வயது சின்னவள். பெருமாநல்லூர் ரோட்டில் குடியிருக்கிறாள். கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் அவள் ஊருக்குப் போவது கிறிஸ்துமஸுக்குத்தான். தீபாவளி லீவில் திருப்பூரே காலியாகிவிடும். இவள் மட்டும் லைன் வீட்டில் உட்கார்ந்து கொட்டாவி விடுவாள். அந்தக் கொட்டாவி பொறுக்காமல்தான் போனைத் தடவித் தேடியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை என் தட்டுக்கு முன்னால் நீட்டினாள்.

"யக்கா, போவமா?"

"எங்க புள்ள?"

"பாலைவனத்துக்கு. கோயம்புத்தூர்ல பொம்பளையளா சேந்து கூட்டிட்டுப் போறாவ. நாலு நாளு ஒட்டகத்துல."

"அங்க என்ன இருக்குது?"

"மணலு."

"மணலப் பாக்க ரெண்டு நாள் ரயில்ல போவோணுமா? உங்க ஊர்ல தேரி தேரியாக் கெடக்குதுன்னு நீதான சொல்லுவே?"

"அது செவத்த மணலு யக்கா. இது மஞ்ச மணலு. அதுல ஒட்டகம் வேற நிக்கி."

சிரித்துவிட்டேன். ஆனால் படத்தில் அந்த மணல்மேடு வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் என்னவோ எகிறிக் குதித்தது. பெட்டி இல்லை, டேப் இல்லை, ஒரு கட்டிடம்கூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே "சரி" என்றேன். எதையும் யோசித்துச் சொல்கிற ஆள் நான். அன்றைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பின்னலாடை மிஷின் மெக்கானிக். சோமனூரில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். அதனாலோ என்னவோ பேசுவது கம்மி.

"கோயிலுக்கும் இல்ல, கல்யாணத்துக்கும் இல்ல. மணலுக்கு எதுக்குப் புள்ள போறே?"

"பாக்கறதுக்குத்தானுங்க."

"ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்கன்னு சொல்லுவாங்க."

"கழுதை இல்லீங்க, ஒட்டகம்."

அவர் உதடு ஓரமாகச் சிரித்ததைப் பார்த்துவிட்டேன். போகலாம் என்று அர்த்தம்.

மறுநாள் அந்தக் குழுவிலிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. ஆளுக்கு ஒரு பை. எட்டுக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ஒட்டகம் சுமக்க வேண்டும். பகலில் முழுக்கை, இரவுக்குக் கம்பளிச் சட்டை. மூடின ஷூ, துண்டு, டார்ச். கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: சேலை வேண்டாம். சேலையோடு ஒட்டகத்தில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பேன்ட்டும் டி-ஷர்ட்டும் கட்டாயம்.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். என்னிடம் இருந்தது இரண்டே வகை உடுப்பு. வெளியே சேலை, வீட்டில் நைட்டி. கம்பெனியில் சேலைக்கு மேலே ஓவர்கோட். கோடிக்கணக்கில் டி-ஷர்ட் தைக்கிற ஊரில், அதையே மடித்து மடித்து விரல் காய்த்துப்போன நான், ஒன்றைக்கூடத் தலைவழியாகப் போட்டதில்லை. யாரும் தடுத்ததில்லை. யாராவது தடுத்திருந்தால் என் வீம்புக்கு என்றைக்கோ போட்டிருப்பேன். யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை, நானும்தான். இப்போதெல்லாம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் பறக்கிறார்கள். என் வயசுக்காரி, எங்கள் தெருவில், எங்கள் குடும்பத்தில் என்றால் அது வேறு கதை.

பட்டியலை வீட்டுக்காரருக்கும் காட்டினேன். கடைசி வரி வந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"போ, வேண்டாங்கல. ஆனா நம்ம ஊட்ல இருந்து சேலைலயே கெளம்பு. ரயிலேறுனதுக்கப்பறம் என்ன வேணாப் போட்டுக்க. நாலு பேரு பொழங்கற தெரு."

"சரிங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் "சரிங்க" என்றால் சம்மதம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்துவதற்கு அது ஒரு மரியாதையான வழி, அவ்வளவுதான். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் தோழியிடம் கொட்டித் தீர்த்தேன்.

"ஏம்புள்ள, இருபத்தொரு வருசமா நான் மடிச்ச சட்டை. அதப் போட்டுக்க நான் ரயில் கக்கூசுக்குள்ள போய் ஒளியோணுமா?"

"எதுக்கு ஒளியணும்? வீட்லயே போட்டுட்டு வாங்க. நானும் எங்க லைன் வீட்ல இருந்தே போட்டுட்டு வாரேன். யாரு தலைய சீவிருதான்னு பாப்பம்."

கை மேல் கை அடித்துச் சத்தியம் செய்தாள். நானும் அடித்தேன். பாலைவனம், ஒட்டகம், குளிர் எதற்கும் எனக்குப் பயமில்லை. என் வீட்டு வாசலில் இருந்து தெருமுனை வரைக்கும் உள்ள நூறு அடிக்குத்தான் பயம். அந்த நூறு அடியை என்னால் பேன்ட் போட்டுக் கடக்க முடியுமா? அந்தப் பத்து நாளும் நான் எதை மடித்தாலும் எதை எடுத்து வைத்தாலும் அடியில் இந்தக் கேள்விதான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் காதர்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனோம். பாவம் அந்தக் கடைக்காரர். எங்களைப் பார்த்ததும் சாதாரணப் பொம்பளைகள் என்று நினைத்துச் சட்டைகளைக் குவித்துப் போட்டார். என் தோழி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, தையலை இழுத்து, உள்பக்கம் திருப்பி, "இதுல ஊசி ஓட்டை கெடக்கு", "இதுல ஷேடு மாறுது", "தோள் ஏறி எறங்கி நிக்கி" என்று தள்ளிக்கொண்டே போனாள். நான் கழுத்துப் பட்டையை இழுத்து விட்டு, திரும்பிப் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தேன். போதாததற்கு அவள் கைப்பையில் கம்பெனியின் அம்புக்குறி ஸ்டிக்கர் இருந்திருக்கிறது. குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது. பேச்சு சுவாரஸ்யத்தில் கடைக்காரரின் ஏழெட்டுச் சட்டையில் ஒட்டிவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க வாங்க வந்தீங்களா, ரிஜெக்ட் பண்ண வந்தீங்களா?" என்றார் அவர்.

"ரெண்டுக்குந்தானுங்க" என்றேன்.

கடைசியில் ஆளுக்கு ஐந்து டி-ஷர்ட், மூன்று பேன்ட், ஒரு கம்பளிச் சட்டை என்று தேறியது. கருநீலம், செங்கல் நிறம், இலைப்பச்சை என்று எனக்குப் பிடித்த நிறங்களாக எடுத்தேன். வெளிநாட்டுக்காரி எவளோ போடுவதற்காக இல்லாமல் எனக்காக ஒரு சட்டையை நிறம் பார்த்து எடுத்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் திரும்பும்போது பையை மடியில் வைத்து, திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். பீரோக் கண்ணாடியில் ஒருத்தி நின்றாள். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பார்த்தேன். இழுத்துச் சொருக ஒன்றுமில்லை. தோளில் சரி செய்ய ஒன்றுமில்லை. கை இரண்டும் சும்மா இருந்தது. குனிந்தேன், நிமிர்ந்தேன், ஒரு குதி குதித்தேன். நாற்பத்தாறு வயசில் சமையலறையில் குதித்தவள் நானாகத்தான் இருப்பேன். கேட் சத்தம் கேட்டதும் அவ்வளவு வேகமாக நைட்டிக்குள் புகுந்தேன். பிறகு அந்த வேகத்தை நினைத்து எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

மூட்டை கட்டும் வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. "நீ கட்டினா கந்தையத் திணிச்ச சாக்கு மாதிரி இருக்கும். உன்ற துணியையும் இங்க கொண்டா" என்று தோழிக்கு உத்தரவு போட்டேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், கம்பெனி லீவு விட்ட அன்று மதியம், துணிகளை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டு வந்தாள். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கம்பெனி டேபிள் போல ஆக்கினேன். இரண்டு பை வாங்கியிருந்தோம், ஒன்று பச்சை, ஒன்று நீலம்.

எத்தனை நாடுகளுக்கு அனுப்பிய கை இது, ராஜஸ்தானுக்குக் கட்டத் தெரியாதா என்று எனக்கு ஒரே மிதப்பு. டி-ஷர்ட் எல்லாவற்றையும் ஒரே அளவில் மடித்து அடுக்கினேன். தனித்தனி பாலிபேக்கில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றினேன். பழக்க தோஷத்தில், ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சின்ன உப்புப் பொட்டலத்தையும் ஒவ்வொன்றிலும் போட்டுவிட்டேன்.

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். "யக்கா, பாலைவனத்துல ஈரமா?"

"கை பாட்டுக்குப் போடுது புள்ள."

"மணலு வராம இருக்கதுக்கு ஏதாச்சும் பொட்டலம் இருந்தா போடுங்க. எங்க தேரில ஒரு காத்து அடிச்சா சோத்துல மணலு, தலைல மணலு, பைபிள்ல மணலு. ஷூவ நம்பாதிய. துண்டு நாலு வைங்க."

மணல் விஷயத்தில் அவள் சொன்னதுதான் வேதம். துண்டு நான்கு வைத்தேன்.

என் வீட்டுக்காரர் நடுவில் வந்து எட்டிப் பார்த்தார். பேன்ட் அடுக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஆனால் பைகளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்து, ஜிப் முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கொண்டுவந்தார். எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும், மெழுகு போட்டால் ஒட்டாதாம். புது டார்ச் ஒன்று வாங்கி வந்து, மூன்று தடவை எரித்துப் பார்த்து மேஜை மேல் வைத்தார். இப்படிப்பட்ட மனுஷனோடு முழுசாகச் சண்டை போடவும் முடியாது, முழுசாகச் சமாதானம் ஆகவும் முடியாது.

அதன் பிறகுதான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒரே ரகச் சரக்கை ஒரே பெட்டியில் போடுவோம். டி-ஷர்ட் என்றால் அந்தப் பெட்டி முழுக்க டி-ஷர்ட், பேன்ட் என்றால் இன்னொரு பெட்டி. கலக்கக் கூடாது. கலந்தால் கணக்கு தப்பும், பெட்டி திரும்பி வரும், எனக்குத் திட்டு விழும். இருபத்தொரு வருடமாகக் கலக்காத கை. பத்து டி-ஷர்ட்டையும் கம்பளிச் சட்டைகளையும் பச்சைப் பையில் அடுக்கினேன். ஆறு பேன்ட், சாக்ஸ், உள்ளாடைகள், துண்டுகள் எல்லாவற்றையும் நீலப் பையில் அடுக்கினேன். வெளியே தாள் ஒட்டி, பீஸ் எண்ணிக்கைகூட எழுதினேன். இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. செக்கிங்காரி ஒருத்தி பக்கத்திலேயே நின்றிருந்தாள், அவளும் "சூப்பரா இருக்கு யக்கா" என்றுதான் சொன்னாள்.

எடை பார்க்கத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனோம். முறுக்கும் அதிரசமும் அவளுடைய கருப்பட்டி மிட்டாயும் சேர்ந்ததில் நீலப் பை ஒன்பது கிலோ காட்டியது.

"என்னங்கக்கா, சாம்பிள் பார்சலுங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, பாலைவனத்துக்குப் போறோமுங்க."

அவர் தராசை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். கடையில் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. சொன்னதற்கே இப்படிப் பார்க்கிறார்களே, அந்தத் துணியோடு வந்து நின்றால் என்ன ஆகும்? அங்கேயே பையைத் திறந்து, அதிரசத்தை எல்லாருக்கும் கொடுத்துத் தீர்த்தோம். ஏழு கிலோ எண்ணூறு. இப்போது இரண்டு பையும் எட்டுக்குள். ஒட்டகம் பிழைத்தது.

எல்லாம் முடிந்து அவள் கிளம்பும்போது பச்சைப் பையை ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போனாள். ஆளுக்கு ஒரு பை என்றுதானே பட்டியலில் இருந்தது.

தீபாவளி வந்தது, போனது. அடுத்த நாள் காலை ஏழு மணி ரயிலில் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே குழுவோடு சேர்ந்து ராஜஸ்தான் ரயில். ஐந்து மணிக்கே எழுந்து குளித்தேன். வீட்டுக்காரர் பார்க்கட்டும் என்று ஒரு சேலையைக் கட்டில் மேல் மடித்து வைத்திருந்தேன். அவர் குளிக்கப் போனதும் போட்டுக்கொள்ளத் துணி எடுக்க நீலப் பையைத் திறந்தேன். ஜிப் வழுக்கிக்கொண்டு போனது. மேலே துண்டு. அதற்குக் கீழே பேன்ட். அதற்குக் கீழே பேன்ட். அடி வரைக்கும் பேன்ட்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. யாரோ பெட்டியை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது, திட்டுவதற்கு ஆள் தேடினேன். அதற்குள் போன் அடித்தது.

"யக்கா! ஏம் பையில பூரா மேலுக்குத்தான் இருக்கு, கீழ ஒண்ணுமே இல்ல!"

"என்றதுல பூரா கீழ்தான் புள்ள இருக்குது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொன்னாள்: "சரி விடுங்க யக்கா. நான் சேலையே கட்டிட்டு வாரேன். நீங்களும் கட்டிருங்க. ரயில்ல மாத்திக்குவம்."

"சரி" என்று போனை வைத்தேன்.

வைத்ததும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. உள்ளபடியே சொல்ல வேண்டும். அப்பாடா என்று இருந்தது. சத்தியத்தை நான் மீறவில்லை. வீட்டுக்காரர் சொன்ன மாதிரியும் ஆயிற்று. தெருவில் யாரும் பார்க்கப் போவதில்லை. எல்லாம் தானாக நடந்துவிட்டது. சேலையை எடுத்து உதறினேன். முதல் சுற்றைச் சொருகப் போகும்போதுதான் அந்த நிம்மதி எனக்கு உறைத்தது. பத்து நாளாகக் குதித்துக்கொண்டிருந்தவள், ஒரு சாக்குக் கிடைத்ததும் இவ்வளவு சந்தோஷமாகப் பதுங்குகிறாளே என்று என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இப்போது தப்பித்துக்கொண்டால் இந்த ஊரில், இந்தத் தெருவில், ஆயுசுக்கும் நான் போடப்போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சேலையைக் கட்டிலில் போட்டேன். பையிலிருந்து கறுப்புப் பேன்ட் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பீரோவைத் திறந்தேன். வீட்டுக்காரரின் தீபாவளிச் சட்டை, இளம் பச்சையில் கோடு போட்டது, ஒரே ஒரு நாள் போட்டது, ஹேங்கரில் தொங்கியது. யாரையும் கேட்கவில்லை. எடுத்து மாட்டிப் பித்தானைப் போட்டேன்.

அவர் துண்டோடு வந்து நின்றார்.

"அது என்ற சட்டை."

"ஆமாங்க."

"சேலைல போறேன்னு சொன்னே."

"சொன்னனுங்க. இப்ப இப்படிப் போறனுங்க."

என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். உள்ளே போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வண்டிச் சாவியை எடுத்தார். நீலப் பையைத் தூக்கி வண்டிக்கு முன்னால் வைத்தார். கோபமா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருபத்துமூன்று வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அந்த முகத்தில் எனக்குப் பாதிதான் படிக்கத் தெரியும்.

வண்டியில் ஏறும்போது பழக்கத்தில் ஒரு பக்கமாக உட்காரப் போனேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. காலைத் தூக்கிப் போட்டு, இரண்டு பக்கமும் கால் வைத்து உட்கார்ந்தேன். அப்பா, என்ன சுகம்! விழுந்துவிடுவோமோ என்று ஒரு கையால் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. எங்கள் தெரு முழுக்க வெடிக் காகிதம் செக்கச்செவேல் என்று கிடந்தது. நான்காவது வீட்டு அக்கா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றோடு நிமிர்ந்தார். மளிகைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிய கையோடு நின்றார். குனிந்துகொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை.

"கெளம்பிட்டீங்களா? பாத்துப் போய்ட்டு வாங்க!" என்றார் அந்த அக்கா.

"போய்ட்டு வர்றனுங்க!" என்று கத்தினேன். என்னுடைய நூறு அடி அவ்வளவுதான். மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டோம். காற்று சட்டைக்குள் புகுந்து முதுகுப் பக்கம் உப்பிக்கொண்டது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைத் திறந்துகொண்டே போனேன்.

எப்போதும் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று வண்டியை நிறுத்திவிட்டு, பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தோழி பையோடு நின்றுகொண்டிருந்தாள். சேலை கட்டி, அதற்கு மேலே என் செங்கல் நிற டி-ஷர்ட்டைப் போட்டிருந்தாள். "முடிஞ்ச வரைக்கும் சத்தியம் யக்கா" என்றவள், என் கோலத்தைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். நீலப் பையில் இருந்து ஒரு பேன்ட்டை உருவி எடுத்துக்கொண்டு பெண்கள் தங்கும் அறைக்கு ஓடினாள்.

ரயில் வருகிற அறிவிப்பு கேட்டது. பைகளைத் தூக்கப் போனேன். சட்டைக் கை என் விரலைத் தாண்டித் தொங்கி, பிடி கைக்குச் சிக்காமல் வழுக்கியது. இழுத்து மேலே ஏற்றினேன், திரும்ப இறங்கியது. இன்னொரு தடவை ஏற்றினேன்.

"இரு" என்றார்.

என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். பித்தானைக் கழற்றினார். கைப்பட்டையை ஒரு மடிப்பு மடித்து, நீவி, இன்னொரு மடிப்பு மடித்து, முழங்கை வரைக்கும் கொண்டுபோனார். மிஷினில் ஊசி மாட்டுகிற நிதானத்தோடு செய்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்து இந்த மனுஷன் வெளியில் என் கையைத் தொட்டதில்லை. ரோட்டைக் கடக்கும்போதுகூட இரண்டு அடி முன்னால்தான் போவார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதாவது சொன்னால் நிறுத்திவிடுவாரோ என்று வாயே திறக்காமல் நின்றேன். ஒரு கையை முடித்துவிட்டு அடுத்த கையை எடுத்தார். தீபாவளி முடிந்து ஊருக்குப் போகிறவர்களும் ஊரிலிருந்து வருகிறவர்களுமாக, பிளாட்பாரத்தில் நிற்க இடமில்லாத கூட்டம்.